முப்பது எண்ணும் வரை

அலுவலகத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். வைத்த புண்ணியவானைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருடமாகக் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் சரிபார்த்துச் சரிபார்த்து, கழுத்து தோளுக்குள் போய்விட்டது. போதாததற்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு. பயந்துபோய் டாக்டரிடம் ஓடினான். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

பிசியோதெரபிஸ்டான அவன் அக்காதான் ஒரே அமுக்கில் கண்டுபிடித்தாள்.

"மார்புச் சதை சுருங்கிக் கெடக்குடா. கதவு நிலையில ரெண்டு கையையும் மடக்கி வச்சு, முன்னால சாயி. கண்ண மூடி முப்பது எண்ணு. மூணு தடவை. நடுவுல விட்டே, தொலைச்சுடுவேன்!"

அக்கா பேச்சை அவன் தட்டியதில்லை. யார் பேச்சைத்தான் தட்டினான், பிள்ளைப்பூச்சி! மனைவிக்கு ஐந்து நாளில் பிரசவம். இரண்டு வாரம் விடுப்பு கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. மேனேஜர் "பார்க்கலாம்" என்பார். இவன் "சரி சார்" என்று திரும்பிவிடுவான். வீட்டில் மனைவி முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

இதில் இன்னொரு கூத்து. அலுவலகம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. சாய்ந்தால் தாங்குகிற மரநிலை மேனேஜர் அறைக்கு மட்டும்தான். தினமும் பதினொரு மணிக்கு அவர் மேல்மாடிக் கூட்டத்துக்குப் போய்விடுவார். அந்த நேரம் பார்த்து ஆமை போனான், உள்ளே எட்டிப் பார்க்காமலே நிலையில் கையை ஊன்றினான், கண்ணை மூடினான். அன்று கூட்டம் ரத்து. மேனேஜர் உள்ளேதான் இருந்தார்; மூன்று டீ குடித்துவிட்டு அவசரமாகக் கழிப்பறைக்கு எழுந்துகொண்டிருந்தார்.

"ஒன்பது... பத்து..."

"என்னப்பா இது? வழிய விடு!"

ஆமைக்குக் குலை நடுங்கியது. ஆனால் அக்காவை நினைத்தால் அதைவிட நடுங்கியது. "முப்பது எண்ணிடறேன் சார்."

கைக்கு அடியில் நுழைந்து போக மேனேஜரின் தொந்தி இடம் கொடுக்கவில்லை. "லீவுக்காக மறியலா? சரி, நாலு நாள் எடுத்துக்க!"

ஆமை ஒரு கண்ணை மட்டும் திறந்தான். மேனேஜர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார். அட! அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"முப்பது. இன்னும் ரெண்டு தடவை இருக்கு சார். ஒண்ணு... ரெண்டு..."

"ஒரு வாரம்!"

"...முப்பது. கடைசித் தடவை சார். ஒண்ணு..."

"அடப்பாவி, ரெண்டு வாரமே எடுத்துத் தொலை!"

"கையெழுத்து சார்?"

டீக் கோப்பைக்கு அடியில் கிடந்த விடுப்பு விண்ணப்பத்தை உருவி, கிறுக்கி, அவன் சட்டைப் பையில் திணித்தார் மேனேஜர். ஆமை நகர்ந்தான். அவர் ஓடிய ஓட்டத்தை அலுவலகமே எழுந்து நின்று பார்த்தது.

மூச்சு வாங்க வீட்டுக்குப் போன் செய்தான்.

"ரெண்டு வாரம் கெடைச்சிடுச்சு!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"அழறியா?"

"இல்லங்க... நீங்க எங்க கேட்டு வாங்கப் போறீங்கன்னு, ஆஸ்பத்திரிப் பைய தனியா தூக்கிட்டுப் படி எறங்க முடியுமான்னு பாத்துட்டிருந்தேன். இப்ப பாதிப் படில நிக்கறேன்."

அவன் கணினியை அணைத்தான்.

"பைய அங்கயே வை," என்றான். "நான் வந்து தூக்கறேன்."