கூரைக்காரியின் இடது கை

ஓவியத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டு, அதில் இருப்பவளைப் போலவே நின்று பார்த்தாள் சிற்பி. படக்கதை நாயகி கூரைக்காரி மொட்டை மாடிச் சுவரில் ஒற்றைக் காலை ஊன்றி, அடுத்த வீட்டுக்குத் தாவப் போகிறாள். வலது கையில் கயிறு. தோளில் சிவப்பு மேலங்கி காற்றில் பறக்கிறது. ரசிகர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொள்ள, இதை ஒரு சாண் உயரப் பொம்மையாக்க வேண்டும்.

வலது கையைத் தூக்கினாள். காலை மடக்கினாள். இடது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஓவியத்தில் அது மேலங்கிக்குப் பின்னால் போயிருந்தது.

பழைய புத்தகங்களைப் புரட்டினாள். ஒன்றில் அந்தக் கை புகைபோக்கிக்குப் பின்னால். இன்னொன்றில் திருடனின் தலைக்குப் பின்னால். வேறொன்றில் வசனக் குமிழ் வந்து மறைத்திருந்தது. எதிலுமே கூரைக்காரிக்கு இடது கை இல்லை.

ஓவியருக்குப் போன் செய்தாள். "சார், அந்த இடது கை என்ன பண்ணுது?"

"அது... பின்னாடி இருக்கு மேடம்."

"அது தெரியுது. வாங்குறவங்க பொம்மையைத் திருப்பிப் பார்ப்பாங்களே?"

"நேர்ல வரேன்," என்று வைத்துவிட்டார்.

மறுநாள் வந்தார். கூடவே, வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், அவருடைய அக்காவும் வந்தார். கதை எழுதுவது அக்கா, வரைவது தம்பி. மேஜை மேல் தலையில்லாத உடல்களும் ஒரு டப்பா நிறையக் காதுகளும் கிடந்தன. அக்கா அவற்றைக் கண்டுகொள்ளவேயில்லை.

"இன்னிக்காவது சொல்லிடுடா. அந்தக் கையில என்ன ஒளிச்சு வச்சிருக்க?"

"நான் ஒளிச்சு வச்சேனா?"

"பின்ன? முதல் புத்தகத்திலேயே கவனிச்சேன். பெருசா ஏதோ யோசிச்சு வச்சிருக்கான், அவனா சொல்லட்டும்னு நாக்கைக் கடிச்சிட்டு இருக்கேன். 'அவ இடது கையைப் பார்த்தவன் உசுரோட இல்ல'ன்னு வில்லன் சொல்றானே, அது எதுக்குன்னு நினைச்ச? வாசகருங்க என்னைப் பார்த்ததும் கேக்குற முதல் கேள்வியே அதான்."

ஓவியர் தரையைப் பார்த்தார். "எனக்குக் கை வரையத் தெரியாதுக்கா."

"வலது கை வரையறியே?"

"அது கயித்தைப் பிடிச்ச கை. முஷ்டி மட்டும் எப்படியோ பழகிட்டேன். விரிச்ச கைன்னா வாழைப்பழச் சீப்பு மாதிரி ஆயிடுது."

அக்கா தம்பியைப் பார்த்தார், ஓவியத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிற்பியாலும் அடக்க முடியவில்லை. கடைசியில் ஓவியரும் சிரித்துவிட்டார். எத்தனையோ வருஷப் பாரம் இறங்கினாற்போல இருந்தது அவருக்கு.

"சரி, எனக்குக் கை வேணுமே," என்ற சிற்பி, ஒரு போர்வையை எடுத்து அக்காவின் தோளில் கட்டினாள். "இந்த ஸ்டூல் மேல ஏறி ஒத்தைக் கால்ல நில்லுங்கக்கா."

"நானா? எனக்கு ஏணியில ரெண்டாம் படியே ஆகாது."

"நான் பிடிச்சுக்கறேன்," என்றார் தம்பி.

அக்கா ஏறினார். வலது கையை உயர்த்தி, முகத்தை வீராப்பாக வைத்துக்கொண்டார். பின்பக்கம் போன சிற்பி அப்படியே நின்றாள்.

"சார், பிடியை விடாம இங்க எட்டிப் பாருங்க."

அக்காவின் இடது கை, அவருக்கே தெரியாமல், போர்வை நுனியைக் கசக்கிச் சுருட்டிப் பிடித்திருந்தது. கூட்டத்தில் அம்மாவின் துணியை விடாத குழந்தையின் பிடி அது.

"என்ன பாக்குறீங்க ரெண்டு பேரும்?"

"பயமா இருக்காக்கா?" என்றாள் சிற்பி.

"இருக்காதா பின்ன?"

"கூரைக்காரிக்கும் அப்படித்தான் போல," என்றார் தம்பி மெதுவாக.

அக்கா இறங்க மறந்து நின்றார். உயரத்துக்குப் பயப்படுகிறவள்தான் இத்தனை நாளும் கூரை கூரையாகத் தாவியிருக்கிறாள். "டேய், ஒரு பேனா கொடு."

"முதல்ல இறங்கு. அதுவும் முஷ்டிதான்க்கா. அது எனக்கு வரும்."

சிற்பிக்கு முகத்தைவிட அந்தக் கைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் விரலிடுக்கில் பிதுங்க வேண்டும். மாதிரிப் பொம்மைக்கு ஓவியரே வந்து வண்ணம் தீட்டினார். இறுக்கிப் பிடித்த விரல் கணுக்களை மட்டும் கொஞ்சம் வெளுப்பாக விட்டார்.

விற்பனைக்கு வந்த அன்று மூவரும் கடை ஓரத்தில் நின்று பார்த்தார்கள். எடுத்தவர்கள் எல்லாரும் திருப்பினார்கள், திருப்பியவர்கள் அங்கேயே நின்றார்கள். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய ஆள் ஒருவர் தன் மனைவியிடம், "இவளுக்கும் பயம் இருந்திருக்கு பாரேன்," என்று பெட்டியை அணைத்துக்கொண்டு போனார். பிறகு ரசிகர்கள் அனுப்பிய படங்களில் பாதியில் பொம்மை அலமாரிக்குள் முதுகைக் காட்டித்தான் நின்றது. சிற்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அக்கா அடுத்த கதையை எழுதி முடித்தார். கூரைக்காரி மேலங்கியை விட்டுவிட்டு, கூரை உச்சியில் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை நோக்கிக் கையை நீட்டுகிறாள்.

"விரிச்ச கையாக்கா?"

"முழுப் பக்கம்," என்று அக்கா தன் இடது கையை மேஜை மேல் விரித்து வைத்தார்.

தம்பி வரைந்தார். கிழித்தார். மறுபடி வரைந்தார்.

"மரத்துப் போச்சுடா."

"ஆட்டாதக்கா. சுண்டு விரல் மட்டும்தான் பாக்கி."