ஐந்து போட்டால் பத்து

மேஜர் சாப் போனில் வந்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். கைலியும் பனியனுமாக, குதிகால் இரண்டையும் ஒட்டி வைத்துக்கொண்டு "ஜீ சாப், ஜீ சாப்" என்கிறார். மாவு ஆட்டிக்கொண்டிருந்த நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். ஹவில்தார் ஐயாதுரை பட்டாளத்திலிருந்து வந்து ஒன்பது வருஷம். இந்த ராஜபாளையத்தில் அவரோடு இந்தி பேச ஒரு நாதி கிடையாது. இந்தியில் போன் வந்தால் எங்கள் தெருவில் பச்சைப்பிள்ளைகூடத் திருட்டுப்பயல் என்று கட் பண்ணிவிடும். இவருக்கு மட்டும் வாயெல்லாம் பல்லாகிவிடும்.

மாடி வாடகைக்கு என்று அவரேதான் நெட்டில் விளம்பரம் போட்டிருந்தார். கீழே பெருமையாக 'எக்ஸ் ஆர்மி' என்று வேறு. அதைப் பார்த்துத்தான் அந்த மேஜர் வந்தான். சீருடையில் போட்டோ அனுப்பினான், அடையாள அட்டை அனுப்பினான், எந்த ரெஜிமெண்ட் என்று இவரிடம் விசாரித்தான். வாடகை ஒப்பந்தத்துக்கு வேண்டும் என்றதும் எங்கள் இரண்டு பேர் ஆதார் அட்டையையும் இவர் படம் பிடித்து அனுப்பிவைத்தார். அட்வான்ஸ் பணத்தை ராணுவக் கணக்கிலிருந்து நேராகப் போட முடியாதாம். நாம் ஐந்து ரூபாய் போட்டால் அங்கிருந்து பத்தாகத் திரும்பி வருமாம், அதுதான் அங்கே நடைமுறையாம். இவர் ஐந்து போட்டார். பத்து வந்தது. "பாத்தியாட்டி, ஆர்மின்னா ஆர்மிதான்" என்றார். நானும் சிரித்தேன், பொய் சொல்லக்கூடாது.

அதற்கப்புறம் ஐம்பதாயிரம் போட்டார். வரவில்லை. சர்வர் நின்றுவிட்டது, இன்னொரு ஐம்பது போட்டால் மொத்தமாக விடுபடும் என்றான். போட்டார். மறுநாள் காலையில் மேஜர் சாப் குரலை உயர்த்தி ஒரு அதட்டு அதட்டினானாம், மிச்சத்தையும் போட்டுவிட்டார். இரவெல்லாம் யோசிக்க நேரம் இருந்தும் போட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. மேலதிகாரி சொன்னால் இவர் கிணற்றில்கூடக் குதிப்பார். ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். எங்கள் மகள் சத்யப்பிரியா மதுரையில் நர்சிங் சேருவதற்கு வைத்திருந்த பணம். சைபர் கிரைமில் புகார் கொடுத்துவிட்டு வந்தார், அதோடு சரி.

எனக்கு வாய் நீளம். தெருவுக்கே தெரியும். அன்றிலிருந்து அந்த வாய்க்கு நல்ல வேலை கிடைத்தது. காப்பி கேட்டால், "அஞ்சு ரூவாயப் போடுங்க, பத்து ரூவாய்க்குக் காப்பி வரும்" என்பேன். நான் வேலை பார்க்கும் சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனியில் அவர் கைலியோடு விறைப்பாக நின்றதை நடித்தே காட்டினேன். பொம்பளைகள் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அது அவர் காதுக்கும் போனது. கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மீசை வைத்த ஆள் இப்படிச் சுருண்டுகிடக்கிறாரே என்று ஒரு நிமிஷம் பாவமாக இருக்கும், அடுத்த நிமிஷம் பணம் ஞாபகம் வந்துவிடும்.

மகள்தான் ஆறுதலாக இருந்தாள். "விடும்மா. அப்பா என்ன வேணும்னா செஞ்சாக?" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். கல்லூரியில் போய்க் கேட்டோம். திங்கட்கிழமைக்குள் எண்பதாயிரம் கட்டினால் சீட்டைப் பிடித்து வைப்பதாகச் சொன்னார்கள். என் கணக்கில் சரியாக அந்த எண்பதாயிரம் இருந்தது. பதினோரு வருஷம் பேண்டேஜ் துணி மடித்துச் சேர்த்தது. "எம் மகளுக்கு நான் இருக்கேன்" என்று அவர் காதில் விழும்படி சொன்னேன்.

அதற்கு முந்தின சனிக்கிழமை, புரட்டாசி மூன்றாம் சனி. சீட்டு நல்லபடி கிடைக்கவேண்டுமென்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, அங்கே குன்றின்மேல் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போனேன். நல்ல கூட்டம். பாதிப் படி ஏறியிருப்பேன், போன் அடித்தது. ஒரு பெண். நல்ல தமிழ், தேன் மாதிரிக் குரல். சைபர் கிரைமிலிருந்து பேசுகிறாளாம். ஐயாதுரை கொடுத்த புகார் நம்பர், போன தொகை, போன தேதி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். ஆளைப் பிடித்துவிட்டார்களாம், அவர் கணக்கை முடக்கி வைத்திருப்பதால் பணத்தை என் கணக்குக்குத்தான் திருப்பமுடியுமாம். பெருமாளே கூப்பிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"செத்த இருங்கம்மா, எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்" என்றேன்.

"அவருகிட்ட இப்பச் சொல்லாதீங்க மேடம். ஒருதடவை ஏமாந்தவரு, பதட்டத்துல எதையாவது அமுக்கிருவாரு. நீங்க எவ்வளவு விவரமாப் பேசுறீங்க! நீங்களே முடிச்சிட்டு அவருக்கு சர்ப்ரைஸ் குடுங்க."

விவரமாம். கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருஷத்தில் யாராவது என்னை அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? ஒரு ஓரமாகப் படியில் உட்கார்ந்தேன். அவள் அனுப்பிய ஆப்பைப் போனில் ஏற்றினேன், கேட்டதையெல்லாம் அமுக்கினேன். சாயந்தரம் பணத்தோடு வீட்டுக்குப் போய் என்னென்ன சொல்லிக் காட்டலாம் என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ கோவிந்தா என்று கத்தினார்கள். மெசேஜ் வந்தது. எண்பதாயிரம் போய்விட்டது.

நான் மேலே ஏறவில்லை. திரும்புகிற பஸ்ஸில் அவள் நம்பரையும் அவள் ஏற்றச் சொன்னதையும் ஒன்றுவிடாமல் அழித்தேன். ஏன் அழித்தேன்? அப்போது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். தெரியும்.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் எழுந்துவிட்டார். "என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி வாரே?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுப்படியில் மகள் நின்றாள். இத்தனை நாள் நான் அவரைப் பேசிய பேச்செல்லாம் வரிசையாக என் பக்கம் திரும்பி நின்றது.

"ஆதார் அட்டையப் படம் புடிச்சு அனுப்புனீகள்ல? அத வச்சு எங் கணக்கையும் தொடச்சுட்டான்" என்றேன்.

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். "என்னாலயா?"

"பொறவு, என்னாலயா?"

மகள் அழவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, கதவைச் சாத்தச் சொல்வது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்: "நீங்க பார்டர்லயே செத்திருந்தா எங்களுக்குக் காசாவது வந்திருக்கும்."

என் மகளா அது! அவளை அறைந்திருக்கவேண்டும், இல்லை, உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நான் பெருமாளுக்கென்று வாங்கிய துளசியைப் பையிலிருந்து எடுத்துச் சாமி படத்துக்கு வைத்தேன்.

அவர் தனியாளாக என் கணக்குக்கும் புகார் கொடுக்க அலைந்தார். போலீசில் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் ஒன்றுமே இல்லையே என்றார்கள். "எந் தப்புதான் சார்" என்று கான்ஸ்டபிளிடம் கைகட்டிச் சொன்னார். பக்கத்தில்தான் நின்றேன். திங்கட்கிழமை போனது, சீட்டும் போனது. சத்யப்பிரியா இப்போது என்னோடு பேண்டேஜ் கம்பெனிக்கு வருகிறாள், விறுவிறுவென்று துணி மடிக்கிறாள். அப்பாவோடு பேசுவதில்லை. தட்டைக்கூட அவருக்கு முன்னால் தள்ளித்தான் விடுகிறாள். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். கார் கதவைத் திறந்து, இறங்குகிற பயல்களுக்கெல்லாம் சல்யூட் அடிக்கிறார்.

முதல் சம்பளம் வந்த அன்று நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மகள் முன்னால் நின்றார். ஒன்பதாயிரம், ஐநூறு ரூபாய்த் தாள்களாக.

"அடுத்த வருசம் சேந்துக்கிடலாம் தாயி. மாசா மாசம் தாரேன்."

அவள் கையை நீட்டவில்லை. உட்கார்ந்திருந்தவள் மடியில் அவரே வைத்தார். அவள் மடியை உதறிவிட்டு எழுந்து உள்ளே போனாள். ஃபேன் காற்றில் தாள்கள் அறை முழுக்கப் பறந்தன. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிய தாள்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு தரையில் குப்புறப் படுத்துக் கட்டிலுக்கடியில் தலையை விட்டார்.

"ஒண்ணு கொறையுது. லைட்டச் செத்தக் காட்டேன்."

என் போனில் லைட்டைப் போட்டுக் குனிந்து பிடித்தேன். அந்த வெளிச்சத்தில் அவர் முழங்கையை ஊன்றி ஊன்றி உள்ளே ஊர்ந்து போனார்.