வயிற்றின்மேல் ஒரு டம்ளர்

பேருந்து ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பணிமனை மருத்துவர் மூன்றாவது முறையாக அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்துவிட்டு, "நூத்தி இருபத்தாறு! மாத்திரையக்கூட நான் கூட்டலையே, அப்படி என்னதான் பண்ணினீங்க?" என்றார்.

போன முறை ரத்த அழுத்தம் நூற்று அறுபத்தைந்து. இன்னொரு தடவை இப்படி வந்தால் ஸ்டியரிங்கைத் தொடவே விடமாட்டேன் என்று மிரட்டியிருந்தார்.

மறுநாளே மனைவி யோகாவை ஆரம்பித்துவிட்டாள். தினமும் காலையில் அவரைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றின்மேல் தண்ணீர் டம்ளரை வைத்து, "இருபது நிமிஷம் மூச்சைக் கவனிங்க" என்பாள். யோகாவாவது மண்ணாங்கட்டியாவது! கண்ணை மூடிக்கொண்டு ஆறு மாதம் நடித்தார். தண்ணீர் சிந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று மூச்சை மட்டும் மெல்ல இழுத்து மெல்ல விட்டார்.

பரிசோதனை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக உண்மையைக் கக்கினார். "அத்தனையும் நடிப்பு! சத்தியமா ஒரு நாள்கூட நான் யோகா செய்யல. எப்படிக் குறைஞ்சுது?"

மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடிப்பீங்கன்னு தெரியாதா எனக்கு? அதுக்குத்தானே டம்ளரை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன்."