காத்தாடி நின்ற மத்தியானம்

காற்றாலை மழையை விரட்டாது. இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கோயமுத்தூர் மில்காரர் நட்டுவைத்த மூன்று காற்றாலைகளுக்கும் ஆபரேட்டராக இருந்தவன் நான். எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனாலும் தொண்ணூற்றாறாம் வருஷத்து ஆடியில் ஒரு மத்தியானம், தெரிந்ததெல்லாம் எங்கே போனதென்று விளங்காமல் முழித்துக்கொண்டு நின்றேன்.

பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற மேகத்தைக் காத்தாடி இறக்கை வெட்டி விரட்டிவிடுகிறதாம். ஊரில் இதே பேச்சு. உடுமலைப் பக்கமும் பல்லடம் பக்கமும் காற்றாலைகள் முளைக்க முளைக்க, இந்தப் பேச்சும் கூடவே முளைத்தது. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். அவர்கள் கிடக்கிறார்கள், விடுங்கள். எனக்கு ஆத்திரமெல்லாம் என் அப்பா மேல்தான்.

அப்பா பேர் சென்னியப்பன். ஆயுசில் பாதிக்கு மேல் அடுத்தவர் காட்டில் பாடுபட்டவர். அந்த வருஷம்தான் சொந்தமாக ஒரு துண்டு மேட்டாங்காடு வாங்கினார். கிணறு கிடையாது, மழை பெய்தால்தான் விளையும். முதல் வெள்ளாமையாகக் கடலை போட்டிருந்தார். காடு வேறெங்கேயும் இல்லை, என் காற்றாலைகளுக்கு நேர் கீழே. வைகாசிக் கடைசியில் பெய்த மழைக்கு முளைத்த செடி மஞ்சளாகப் பூத்துவிட்டது. பூத்த கடலைச் செடியிலிருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும். மண் கல்லாட்டம் இறுகிக் கிடந்தால் விழுது எங்கே போகும்? மேலேயே கருகிவிடும். அந்த வாரத்துக்குள் ஒரு மழை வந்தே ஆகவேண்டும். மேகம் என்னவோ நாள் தவறாமல் வந்தது. வந்த வேகத்தில் கிழக்கே ஓடியது.

அப்பா கன்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நிற்பார்.

"ஏங் கண்ணு, ஒரே ஒரு நாளைக்கு நிறுத்தேன்."

"காத்தாடிக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லீங்கப்பா. இது டென்மார்க்குல செஞ்ச மெசினு. அங்க ஊரு முழுக்க இதுதான். வருசம் பூரா மழை பேயுது."

அப்பா அண்ணாந்து இறக்கைகளைப் பார்த்தார். "அங்க மழை தாங்காமத்தான் இதை வெச்சிருப்பாங்க, ஓட்டறதுக்கு. நமக்கு எதுக்கு கண்ணு அது?"

நான் படித்த புத்தகம் எதிலும் இதற்குப் பதில் இல்லை.

இன்னொரு நாள், இங்கே உண்டாகிற கரண்ட் எங்கே போகிறது என்று கேட்டார். கோயமுத்தூர் மில்லுக்கு என்றேன். கம்பியில் எல்லார் கரண்டும் கலந்துதானே ஓடுகிறது, நம்மூர்க் கரண்ட் அந்த மில்லை எப்படி அடையாளம் கண்டு போகும் என்றார். கலந்த பிறகு இன்னாருடையது என்று கிடையாது, மீட்டரில் கணக்கு வைத்துக் கழித்துக்கொள்வார்கள் என்றேன். சொல்லும்போதே எனக்குக் குழம்பியது. அப்படியானால் மில்லில் ஓடுவது யார் கரண்ட்?

"செரி, ஊர்ல கரண்ட் போனா உன்ற காத்தாடியும் நின்னுருதே, அது ஏன்? காத்துதான் அடிக்குதல்லோ?"

"கம்பியில கரண்ட் இருந்தாத்தானுங்க இது கரண்ட் செய்யும். லைன் போச்சுன்னா தானா பிரேக் புடிச்சு நின்னுரும்."

"சோறு இருந்தாத்தான் சோறாக்க முடியும்ங்கற. நல்ல பொழப்புடா சாமி!"

கன்ட்ரோல் ரூம் பேட்டரிகளுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வந்திருந்த, கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற முஸ்தபா பாய், இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா அவர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க பாய், காத்தடிக்கறப்ப கரண்டைப் புடிச்சு உங்க பேட்டரில அடைச்சு வெச்சுக்கறது. ஒரு நாளு காத்தாடியை நிறுத்திப்போட்டு, அடைச்சதை எடுத்து மில்லுக்குக் குடுக்கறது. ஆகாதுங்களா?"

பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். "யோசனை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா மூணு காத்தாடி ஒரு நாள் பூரா ஓடறதை அடைக்கோணும்னா உங்க காடு முழுக்க பேட்டரி அடுக்கோணும். அப்பறம் கடலையை எங்க போடுவீங்க? அத்தனையும் அடங்கற மாதிரி ஒரு பேட்டரி வந்தா மொதல்ல எனக்குச் சொல்லி அனுப்புங்க, நான் கடையை இழுத்துச் சாத்திப்போடறேன்."

நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. காட்டைப் பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

என்னால் நிறுத்தியிருக்க முடியாதா என்றால், முடியும். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மூன்றும் நிற்கும். அப்புறம் என் வேலை நிலைக்காது. ஊர்க்காரர் பேச்சைக் கேட்டு நிறுத்திய ஓர் ஆபரேட்டரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக மில் மேனேஜர் என்னிடம் சொல்லியிருந்தார். எங்கள் வம்சத்தில் முதல் மாதச் சம்பளம் என்னுடையது. என் பெண்டாட்டி மெர்சிக்கு அப்போது ஏழாம் மாசம். நான் எப்படி அந்தப் பொத்தானைத் தொடுவேன்?

அந்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் தெருப் பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே குண்டாவில் போட்டுக் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து தின்பார்கள். பிறகு, இந்த ஊரில் இனிமேல் பிழைக்க முடியாது, பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று ஒப்பாரி வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அதைக் கேட்டு வானத்துக்கு மனசு பொறுக்காதாம்.

கன்ட்ரோல் ரூமுக்குப் பக்கத்திலிருந்த என் குவார்ட்டர்ஸுக்கும் வந்தார்கள். மெர்சி சோற்றை அள்ளிக்கொண்டு வந்தாள்.

"சோறு கெடக்குது அம்மணி," என்றாள் முன்னால் நின்ற பாவாத்தாள். "உம்புருசனை அதை நிறுத்தச் சொல்லு."

எனக்கு வந்ததே கோபம்! "போறீங்களா இல்லியா? இத்தனை வருசமா மழை பேயாத ஆடி வந்ததே இல்லியா? அப்பெல்லாம் எந்தக் காத்தாடி இருந்துச்சு?" என்று கத்திவிட்டேன்.

கூட்டத்துக்குக் கடைசியில் குண்டாவைப் பிடித்துக்கொண்டு என் அம்மா சின்னாத்தாள் நின்றிருந்தாள். "அவனை ஒண்ணுஞ் சொல்லாதீங்க. சம்பளத்துக்கு இருக்கறவன் என்ன பண்ணுவான்?" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெர்சி அந்தச் சோற்றைக் குண்டாவில் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

எல்லையிலிருந்து ஒப்பாரி காற்றோடு வந்தது. மத்தியானம் காற்று எகிறியது. மேற்கே மேகம் கறுத்துத் திரண்டது. வழக்கமாக அதே வேகத்தில் தலைக்கு மேல் தாண்டிப் போய்விடும். அப்போது கன்ட்ரோல் ரூம் பேனலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன. எங்கேயோ மரம் விழுந்து லைன் போயிருக்க வேண்டும். மூன்று காத்தாடிகளும் பிரேக் பிடித்து, இறக்கைகள் மெல்ல மெல்ல நின்றன. ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த உஸ் உஸ் சத்தம் இல்லாமல் காது என்னவோ போல் ஆனது.

அடுத்து மழை வந்தது. சும்மா தூறல் இல்லை, தகரக் கூரை அதிர்கிற மழை. ஒப்பாரி நின்று குலவை கேட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு வாசலில் நின்றேன்.

அப்பா தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். என் கை இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நிறுத்திப்போட்டயா கண்ணு! அப்பனுக்காக நிறுத்திப்போட்டயா!" அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"நான் நிறுத்துலீங்கப்பா. லைன் போயிருச்சு."

"தெரியும், தெரியும். கேட்டா அப்படித்தான் சொல்லோணும். நான் ஆருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

"அய்யோ, நெசமாவே லைன்தானுங்க போச்சு!"

"செரி கண்ணு," என்று கண்ணைச் சிமிட்டினார். அவருக்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமா ஆத்திரமா என்றுகூடத் தெரியவில்லை. அவர் காட்டுக்குள் இறங்கி, ஒரு செடியோரம் மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வந்தார். "மேமண்ணுதான் நனைஞ்சிருக்குது. இன்னங் கொஞ்ச நேரம் பேஞ்சாப் போதும். விழுது இறங்கீரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பேனலில் விளக்குகள் எரிந்தன. லைன் வந்துவிட்டது. நான் எதையும் தொடாமல் மழையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. மேனேஜர்.

"சப்ஸ்டேஷன்ல லைன் குடுத்தாச்சுங்கறாங்க. ஸ்டார்ட் பண்ணிட்டேன்னு நீ ஏன் இன்னும் போன் பண்ணலை? ஊர்க்காரங்க கேட்டாங்கன்னு நிறுத்தி வெச்சிருக்கறயா? இப்பவே ஓட்டலைன்னா சாவியை வெச்சுட்டு வீட்டுக்குப் போயிரு!" அவர் போட்ட சத்தம் அப்பா நின்ற இடம்வரைக்கும் கேட்டது.

ஓட வைக்கிற பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்தேன். அமுக்க முடியவில்லை. காத்தாடிக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை; எனக்குத் தெரியும். அப்படியென்றால் அமுக்க வேண்டியதுதானே? அமுக்கி, மழை அதுபாட்டுக்கு நின்றுவிட்டால்? அப்பா சாகிற வரைக்கும் என்னை எப்படிப் பார்ப்பார்? அதைவிட மோசமான ஒரு நினைப்பு வந்தது. ஒருவேளை ஊர் சொல்வது நிஜமாக இருந்தால்? சீ, நானா இப்படி நினைக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டியும் விரல் நகரவில்லை. மழை இரைந்துகொண்டிருந்தது.

"போனாப் போகட்டும்ங்கப்பா," என்றேன். "இது இல்லாட்டி வேற வேலை. மழை உடற வரைக்கும் நான் இதைத் தொடமாட்டேன்."

அப்பா வெளியே காட்டைப் பார்த்தார். பிறகு குவார்ட்டர்ஸ் வாசலைப் பார்த்தார். மெர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்து பேனல் முன்னால் நின்றார்.

"எது கண்ணு? இந்தப் பச்சையா?"

"வேண்டாம்ங்கப்பா."

சேறு ஒட்டிய கட்டைவிரலால் அழுத்தினார்.

பிரேக் விடுபட்டது. இறக்கைகள் சோம்பலாக அசைந்து, பிறகு வேகம் பிடித்தன. நாங்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருந்தது. பெய்யட்டும், பெய்யட்டும் என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. தூறலானது. மேகம் கிழக்கே நகர்ந்து, மேற்கே வெளிச்சம் கண்டது. எல்லையில் குலவை நின்று, பெண்கள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பா, இது காத்தாடியால இல்லீங்க. ஆடி மழையே இப்படித்தானுங்க, வந்த வேகத்துல போயிரும். நம்புங்கப்பா," என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"செரி கண்ணு, செரி." தலைத்துண்டைப் பிழிந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை.

படியிறங்கி அந்தப் பெண்களைப் பார்த்து நடந்தார். பாதி தூரம் போனவர் திரும்பினார்.

"ஊர்ல ஆரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. மழையை ஓட்டுனது நாந்தான்னு நாஞ் சொல்லிக்கறேன்."