சீட்டின் முதுகில் இருந்த முத்திரை

"ஏனுங்க, கட்டிங் டேபிளுக்கு இரும்புக் கால் வாங்கியாறன்னு சொல்லிட்டுப் போனீங்க. இதென்னங்க இது, நாற்காலியா?"

"நாற்காலியா? நல்லாப் பாரு சுதா. ஏரோப்ளேன் ஓட்டறவன் உக்கார்ற சீட்டு. சூலூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில கெடந்துச்சு."

"அப்ப கால் எங்கீங்க?"

"எந்தக் கால்?"

"டேபிள் கால்!"

"அது கெடக்குது போ. இது எந்த ப்ளேன்ல இருந்துச்சுன்னு கண்டுபிடிக்கோணும். கண்டுபிடிச்சுட்டா, அந்த ப்ளேன் எந்த மியூசியத்துல நின்னாலும் உன்னையக் கூட்டிட்டுப் போய் முன்னால நிறுத்துவேன். இதான் நம்ம சீட்டோட ஊடுன்னு காட்டுவேன்."

"நல்ல ஆளுங்க நீங்க. நம்ம ஊட்டுத் தண்ணித் தொட்டி மூணு மாசமா ஒழுகுது. சீட்டுக்கு ஊடு தேடறாராமா."

பதினான்கு வருடங்களுக்கு முன் நடந்த பேச்சு. ஜெயசுதாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. அன்றைக்கு அவள் எவ்வளவு திட்டியும் கந்தவேல் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கடைசியில் அவளும் சிரித்துவிட்டாள்.

அந்த வாரமே லேத் பட்டறையில் கொடுத்து சீட்டுக்கு நான்கு கால் பற்றவைத்தான். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் எட்டு மெஷின்களோடு அவர்கள் நடத்தும் தையல் யூனிட்டில், மாடி ஜன்னல் ஓரமாக அதைப் போட்டுக்கொண்டான். தைக்கிற பெண்கள் அவனுக்குப் பைலட் என்று பெயர் வைத்தார்கள். சாயப்பட்டறையிலிருந்து வரும் துணிகளில் இரண்டு துண்டை வெளிச்சத்தில் பிடித்து, "இது வேற லாட், அது வேற லாட்" என்று அந்தச் சீட்டில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவான். கண்ணுக்குத் தெரியாத ஷேடு வித்தியாசம்கூட அவனுக்குத் தெரியும் என்று சாயப்பட்டறைக்காரர்களே பயப்படுவார்கள்.

அப்படிப்பட்டவன் எட்டு மாதங்களுக்கு முன் நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் உடம்புக்கு ஒரு ஷேடும் கைக்கு ஒரு ஷேடும் தைக்க விட்டுவிட்டான். அறுநூறு பீஸ் தைத்த பிறகுதான் தெரிந்தது. "ட்யூப் லைட்டு சரியில்ல" என்று சொல்லி எல்லா லைட்டையும் மாற்றினான். மறுவாரம் கோயம்புத்தூர் போய் வந்து, "கண்ணாடிப் பவர் கொஞ்சம் மாறியிருக்குது, அவ்வளவுதான்" என்றான்.

ஜெயசுதா சாவி தேடப் போய் ஸ்கூட்டர் பெட்டியில் டாக்டர் எழுதிய தாளைப் பார்த்தாள். விழித்திரை, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றப் பார்க்கலாம் என்று இருந்தது. கல்லூரியில் படித்த ஆங்கிலம் அன்றைக்கு ஏன் அவ்வளவு நன்றாகப் புரிந்தது என்று அவளுக்குக் கோபமாக வந்தது. தாளை எப்படி மடித்திருந்ததோ அப்படியே மடித்து வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து யூனிட்டில் எந்த ஸ்டூலும் இடம் மாறவில்லை. மாடிப் படிகளின் விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டினாள். "எதுக்கு?" என்று அவன் கேட்டபோது, "துணி வாங்கற பையர் கம்பெனில இருந்து ஆடிட்டுக்கு வர்றாங்களாமா, கேப்பாங்கல்ல" என்றாள். "ஆடிட்டுக்காரனுக படிகூட இறங்கத் தெரியாதவனுகளா?" என்று கேலி செய்தான். அடுத்த நாளிலிருந்து அந்த மஞ்சள் கோட்டைக் காலால் தடவிப் பார்த்துத்தான் இறங்கினான்.

அவனிடம் கேட்க அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. எட்டு மாதமாக வாய் வரைக்கும் வரும். அவன் ஏதாவது சிரிப்பாகச் சொல்வான், உள்ளே போய்விடும். கேட்டுவிட்டால் அந்தச் சிரிப்பும் போய்விடுமோ என்ற பயம்.

இதற்கிடையில், வருடக்கணக்காகத் தூங்கிக் கிடந்த சீட்டு விவகாரத்தை அவன் திடீரென்று கையில் எடுத்தான். யார் யாருக்கோ போன் செய்தான். "இந்த வருசமே போய்ப் பாத்துட்டு வந்தரோணும் சுதா" என்றான். ஏன் இந்த வருடம் என்று அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சாமளாபுரத்திலிருந்து பக்கீர் முகமது மொபெட்டில் வந்தார். விமானப்படையில் முப்பது வருடம் பயிற்சி விமானங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷின்கள் ஓடாத ஹாலில் அவர் சீட்டை விரலால் தட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"என்ன தம்பி, குழிக்குள்ள பனியன் வேஸ்ட்டை அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"இல்லாட்டி உக்காந்தா உள்ள போயிருதுங்க பாய்."

"குழிதான தம்பி விசயமே! பாராசூட்டை மடிச்சு இதுல வெச்சு, அதுமேல பைலட் உக்காருவான். அந்தக் காலத்துப் பயிற்சி விமானம். ஒண்ணு ஹெச்.டி. டூவா இருக்கோணும், இல்லாட்டி ஹார்வர்டு."

"ரெண்டுல எதுங்க பாய்?" கந்தவேலின் குரல் பரீட்சை முடிவு கேட்கிற பையனுடையதுபோல் இருந்தது.

"நம்பர் தகட்டை எவனோ பேர்த்துட்டான், பாருங்க, நாலு ரிவிட் ஓட்டைதான் மிச்சம். பெயிண்டும் மேல மேல அடிச்சது. ஹெச்.டி. டூன்னா பெங்களூர்ல ஒண்ணு நிக்குது, போய்ப் பாத்தரலாம். ஹார்வர்டுன்னா டெல்லி போகோணும்." சீட்டின் பின்புறம் குனிந்தார். "முதுகுல தெச்சிருக்கற கேன்வாஸ் பழசுதான். இதுல கருப்பு மையில முத்திரை குத்துவோம். அது இருந்துச்சுன்னா ஒரு நிமிசத்துல சொல்லிருவேன்."

ஜெயசுதா சட்டென்று அந்தக் கேன்வாஸைப் பார்த்தாள்.

முத்திரை இருந்தது. சீட்டு வந்த இரண்டாவது வாரம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிற அவசரத்தில் அவள் செக்கிங் டேபிளில் நின்றிருந்தாள். திரும்பிப் பார்த்தால் நல்ல கேன்வாஸில் கருப்பாக ஒரு அழுக்கு. இந்த ஊரில் துணியில் கருப்பாக எது இருந்தாலும் அது கறை. கறை எடுக்கும் ஸ்ப்ரே கன் கையிலேயே இருந்தது. அடித்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, மறுபடி அடித்து, ஐந்து நிமிடத்தில் சுத்தம். வேலை முடிந்த திருப்தியோடு அடுத்த பீஸை எடுத்தாள். சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

"இருக்குதுங்க பாய்!" கந்தவேல் துள்ளி எழுந்தான். "வாங்குன அன்னைக்கே பாத்தேன். நாளைக்குப் படிச்சுக்கலாம்னு விட்டது."

சீட்டின் பின்னால் மண்டியிட்டான். மூக்கு படுகிற அளவுக்குக் கேன்வாஸிடம் முகத்தைக் கொண்டுபோனான். விரலை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினான்.

"இதா இருக்குது. கொஞ்சம் மங்கிப்போச்சு. ஹெச்... டி... ஒரு கோடு... அப்புறம் நாலு, ஒண்ணு..."

அவன் விரல் போன இடமெல்லாம் கேன்வாஸ் வெறுமையாக இருந்தது.

பக்கீர் முகமது அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு ஜெயசுதாவைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"பழைய நோட்டு ஒண்ணு ஊட்டுல கெடக்குது தம்பி. அதையும் பாத்துட்டுச் சொல்றேன்."

படியிறங்கும்போது மஞ்சள் டேப்பைப் பார்த்து நின்றார். "எத்தனை நாளாம்மா?"

"எட்டு மாசங்க பாய். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு மொபெட்டை உதைத்தார்.

மேலே வந்தபோது கந்தவேல் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சந்தோஷம்.

"பெங்களூர்தான் சுதா! ட்ரெயினுக்கு டிக்கெட் போட்டறலாமா? ஊத்துக்குளி தாண்டுனதும் நீ தூங்கிருவ, எனக்குத் தெரியும்."

போகலாம். போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தது. எது என்றே தெரியாத ஒரு விமானத்தின் முன் நின்று, தெரியாத நிறத்தை, தெரியாத இறக்கையை அவளுக்கு விவரித்துக் காட்டுவான். அவளும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டுவாள். தலையாட்டியதை அவன் பார்க்கவில்லை என்பது தனக்குத் தெரியும் என்றுகூட அவள் காட்டிக்கொள்ள முடியாது.

சீட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்த முத்திரை இல்லீங்க."

"எது?"

"கேன்வாஸ்ல ஒண்ணும் இல்லீங்க. பதினாலு வருசத்துக்கு முன்னால நான்தான் கறைன்னு நெனச்சு, கன் வெச்சு எடுத்துப்போட்டேன்."

அவன் கை சீட்டின் முதுகுப் பக்கம் போயிற்று. தடவிப் பார்த்தது.

"சுத்தமாவா?"

"நான் எடுத்தா எப்படி எடுப்பன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா."

சிரிக்கப் போனான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. தான் உரக்கப் படித்துக் காட்டிய எழுத்துகள் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளை என்ன வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"ட்யூப் லைட்டு..." என்று ஆரம்பித்தான்.

வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயசுதா அவன் கையைக் கேன்வாஸிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஊருக்குச் சொல்ல வேண்டாங்க, பாய்கிட்டச் சொல்ல வேண்டாம். கண்ணு தெரியலீன்னா, தெரியலீன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."