பசங்க பாடு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கிறது என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் நான். நாற்பத்தாறு பிள்ளைகளுக்கு நடுவில் கரண்டியோடு நிற்கிறவள் கொஞ்சிக்கொண்டிருந்தால் சாம்பார் தட்டில் இருக்காது, தரையில்தான் இருக்கும்.

கோடை விடுமுறை விட்ட முதல் நாள், கால் நீட்டித் தூங்கலாம் என்று பாயை விரித்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், எதிரே பூட்டிய பள்ளிக்கூடக் கதவுக்கு முன்னால் வெண்ணிலா உட்கார்ந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்பு முடித்தவள். மடியில் தட்டு.

"இன்னாடி இங்க? லீவு வுட்டாச்சு இல்ல?" என்று கத்தினேன்.

"தெரியும் ஆயாம்மா."

"தெரிஞ்சும் இன்னாத்துக்கு வந்த?"

"சும்மா."

தட்டோடு யாராவது சும்மா வருவார்களா? அவள் அம்மா விடியும் முன்பே இறால் உரிக்கும் கம்பெனி வண்டியில் ஏறிப் போய்விடுவாள். நைனாவுக்கு எளாவூர்ப் பக்கம் லாரியில் லோடு ஏற்றும் வேலை. இரண்டு பேரும் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். பத்து மாதம் இந்தப் பிள்ளைக்கு மதியச் சோறு போட்டவள் நான், லீவில் அவள் என்ன சாப்பிடுவாள் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? பூட்டின் மேல் வந்த கோபம் என் மேலேயே திரும்பியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் வீட்டுச் சோற்றைப் போட்டேன்.

மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் இருபத்திரண்டு பேர்.

குண்டானைத் தூக்கிக்கொண்டு அரிசி கேட்டு வீடு வீடாகப் போனேன். இல்லையென்று ஒருவரும் சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கிற ஊர் இது. கோடையில் ஏரி வற்றி, வலையில் விழுவதே கொஞ்சம். இரண்டாவது வாரம் படியால் போட்டவர்கள் ஆழாக்கால் போட்டார்கள். மூன்றாவது வாரம் என்னைக் கண்டால் கதவைச் சாத்தாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இந்த வெண்ணிலா வேறு. மற்றப் பிள்ளைகள் தட்டைக் கழுவி என் வீட்டுக் கூடையில் போட்டுவிட்டு ஓடுவார்கள். இவள் மட்டும் நெஞ்சோடு அணைத்து வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

"தட்ட வச்சிட்டுப் போயேன்டி, யாரும் திருடமாட்டாங்க."

"நாளிக்கு சோறு இல்லன்னா, தட்டு இங்க மாட்டிக்கும் இல்ல ஆயாம்மா?"

"நாளிக்கு உண்டு, போடி!" என்று விரட்டினேன். மூட்டையில் இன்னும் ஒரு வாரத்துக்குத்தான் அரிசி இருந்தது. பள்ளி திறக்க ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அன்று சாயங்காலம்தான் ஊர்க்கூட்டம். பாடு பிரிக்கச் சீட்டுக் குலுக்குகிற நாள். எங்கள் ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களை ஊரே முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். அந்த முறைதான் பாடு. யார் பாடோ, அன்றைக்கு அவன் மட்டும்தான் அங்கே வலை கட்டலாம். விடியும்போது ஆள் வராவிட்டால் பாடு போச்சு. வேறொருவன் படகு உள்ளே நுழைந்தால் தண்டம் உண்டு: நுழைந்தவனுடைய அடுத்த பாடு, பாடு உள்ளவனுக்குப் போய்விடும். தருமன் ஒரு தரம் பனியில் வழி தெரியாமல் நுழைந்து தன் பாட்டைப் பறிகொடுத்ததை ஊர் இன்னமும் சொல்லிச் சிரிக்கும்.

முறை சொல்கிறவர் எல்லப்பன். எழுபது வயது. சிரித்து நான் பார்த்ததில்லை. ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் சந்தியாகு, அய்யோ இவளா என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"ஒரு சீட்டு பசங்க பேருக்குப் போடுங்க. அன்னிக்கு வுழுற எறாவும் மீனும் அதுங்க சோத்துக்கு" என்றேன்.

"பசங்களுக்குப் படகு கீதா? வலை கீதா?" என்றார் எல்லப்பன்.

"பசி கீது. போதாதா?"

யாரோ சிரித்தார்கள். எல்லப்பன் சிரிக்கவில்லை. ஒரு சீட்டில் 'பசங்க' என்று எழுதச் சொன்னார். "ஆனா ஒண்ணு. விடியும்போது ஆள் வரலன்னா பாடு போச்சு. பசங்க பாடுன்னு நான் சும்மா வுடமாட்டேன்."

குலுக்கினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம். கோடையிலும் இறால் விழுகிற ஒரே இடம்! எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது.

ஆனால் வலை கட்டப்போவது யார்? கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சந்தியாகுவும்தான். அந்தக் கோபத்தில் அவரோடு பேச்சை நிறுத்தினேன். மறுநாள், படகு வைத்திருக்கிற முத்துராஜ் வீட்டுக்குப் போய், "செவ்வாக்கிழம நீ வந்து வலை கட்டு. யாருகிட்டயும் மூச்சு வுடாத, அப்புறம் ஆளுக்கு ஒரு நாயம் பேசுவாங்க" என்றேன். சரி அக்கா என்றான். அவன் சரி என்ற வேகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று தருமனிடம் சொன்னேன். தருமனுக்கு வழி தெரியுமா என்ற பயத்தில் பிராங்க்ளினிடம் சொன்னேன். அப்படியே ஆறு பேர். ஆறு பேரிடமும் அதே பேச்சு: நீ ஒருத்தன்தான், யாருக்கும் சொல்லாதே.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை கரைக்குப் போனேன். அரிசி மூட்டை முந்தின நாளே காலி. பகலுக்குள் இறால் விற்றால்தான் பொன்னேரியிலிருந்து அரிசி வரும். வானம் வெளுக்க வெளுக்க ஏரியைப் பார்க்கிறேன். ஒரு படகு வந்தது. அப்பாடா என்றேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது. ஏழு படகு! முழங்கால் தண்ணீரில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, ஆளாளுக்குக் கத்துகிறார்கள்.

"இது என் வேல, நீ இன்னாத்துக்கு வந்த?"

"ரோஸ்மேரி அக்கா என்னாண்டதான் சொல்லிச்சு!"

"என்னாண்டயும்தான்டா!"

அவர்கள் போட்ட கூத்தில் தண்ணீர் கலங்கிச் சேறாகிவிட்டது. அந்தச் சேற்றில் இறால் எங்கே நிற்கும்? ஆந்திரா பக்கம் ஓடியிருக்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் தண்ணீரில் இறங்கினேன்.

அங்கே எல்லப்பனும் தன் படகில் உட்கார்ந்திருந்தார். "யாருய்யா பசங்க பாட்டுக்கு வந்த ஆளு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வேறு வழியில்லை. "பெரியவரே, தப்பு என்னுது. யார் மேலயும் நம்பிக்க இல்லாம ஆறு பேராண்டயும் தனித்தனியா சொல்லிட்டேன்" என்று ஒப்புக்கொண்டேன். இன்றைய சோற்றை நானே என் சந்தேகத்தால் கெடுத்துவிட்டேனே!

"ஆறுன்ற. ஏழு படகு கீதே?"

அப்போதுதான் கடைசிப் படகைப் பார்த்தேன். சந்தியாகு.

"உன்ன யாருய்யா கூப்ட்டது?" என்றேன்.

"நீ கூப்புடலன்னா வரமாட்டேனா? சோறு பசங்களுக்குத்தான?" என்றார் அந்த மனிதர். ஒரு வாரம் பேசாமல் இருந்தது எனக்கே வெட்கமாகிவிட்டது.

எல்லப்பன் எழுந்து நின்றார். படகு ஆடியது. "சீட்டுல பேரு பசங்க. உங்க ஏழு பேர்ல யார் பேரும் இல்ல. ஊரக் கேக்காம, இவ பேச்சக் கேட்டு வந்தீங்க. பசங்க பாட்டுக்குள்ள ஏழு படகு நுழைஞ்சி மீன வெரட்டியிருக்குது. ஆளுக்கு அடுத்த பாடு பசங்களுக்கு. படகும் உன்னுது, வலையும் உன்னுது, மீன் மட்டும் அதுங்களுது."

"இன்னா பெரியவரே, நல்லது பண்ண வந்தவனுக்குத் தண்டமா?" என்று முத்துராஜ் கத்தினான்.

"நல்லது பண்றவன் சொல்லிட்டுப் பண்ணணும்."

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஏழு பாடு. பள்ளி திறக்கும் வரைக்கும் சோறு! முத்துராஜும் அதற்குள் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டான். தருமன் மட்டும், "எனக்கு ரெண்டாவது தரம்டா" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஏரியே சிரித்தது.

முத்துராஜ் சும்மா இருப்பானா? எல்லப்பன் படகை எட்டிப் பார்த்தான். "பெரியவரே, நாயம் சொல்ல வந்தவருக்கு வலை இன்னாத்துக்கு?"

எல்லோரும் பார்த்தோம். அவர் காலடியில் வலை, மடித்துக் கட்டி, நனைத்துத் தயாராக இருந்தது. யாரும் வரமாட்டார்கள், பிள்ளைகள் பாடு போய்விடும் என்று இந்த மனிதர் இருட்டிலேயே தனியாகத் துடுப்புப் போட்டு வந்திருக்கிறார். கிழவரின் காது சிவந்துபோயிற்று.

"எட்டு" என்றார்.

அடுத்த பாடு நாளை மறுநாள், பிராங்க்ளினுடையது. அதுவரைக்கும் என்ன செய்வது என்று நான் கேட்கவே இல்லை. பத்து மணிக்குள் எல்லப்பன் வீட்டிலிருந்து அரை மூட்டை அரிசி என் வாசலில் இறங்கியது. மதியம் சோறும், பிராங்க்ளின் அம்மா கொடுத்த கருவாட்டில் குழம்பும். பிள்ளைகள் எட்டுப் படகுக் கதையை என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்துப் புரையேறினார்கள்.

வெண்ணிலா சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். வழக்கம்போல் நெஞ்சோடு அணைத்து வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று யோசித்தாள். திரும்பி வந்து, தட்டைக் கூடையில் மற்றத் தட்டுகளுக்கு மேலே வைத்தாள்.

"வரேன் ஆயாம்மா" என்று ஓடினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். அப்புறம் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் குழம்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"அடியே வெண்ணிலா! இதுவாடி கழுவுற லட்சணம்? நாளிக்கு வா, உனக்கு இருக்குது!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"வருவேனே!" என்று தெருக்கோடியிலிருந்து பதில் வந்தது.