மார்கழிச் சுவர்

மாணிக்கவேல் தறிவீட்டுச் சுவரை உள்ளங்கையால் தட்டினார். வெள்ளைத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"கோலமாவு வாங்க இனிமே கடைக்குப் போவ வேணாம்மா. உன் பெயிண்டே போதும்."

அமலோற்பவம் உதிர்ந்த தூளை விரலில் எடுத்துப் பார்த்தாள். ராணிப்பேட்டையில் கெமிஸ்ட் வேலையை விட்டுவிட்டு, ஆரணியில் கொட்டகை போட்டு, 1982இல் அவள் தயாரித்த முதல் பெயிண்ட் அது. சுண்ணாம்புச் சுவரில் பட்டுத்துணி உரசினால் வெள்ளை ஒட்டும் என்று நெசவாளர்கள் சுவரெங்கும் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தன் பெயிண்ட் துணியில் ஒட்டாது என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அதை நம்பி மாணிக்கவேல் போர்வைகளை எடுத்துவிட்டு அடித்திருந்தார். இப்போது தறியில் இருந்த அரக்கு முகூர்த்தப் புடவையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தீற்றல்.

"போகிக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிச்சிடப் போறேன்," என்றார் மாணிக்கவேல். அவர் அடித்தால் தெருவே அடிக்கும். கொட்டகையை மூடிவிட்டுப் பழைய வேலைக்கே கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாணிக்கவேலின் மனைவி கன்னியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படியே பாத்துகினு இருந்தா செவுரு பதில் சொல்லுமா பொண்ணு?"

சுவர் சொன்னது. அதன் ஒரு கோடியில் கொஞ்ச இடம் மட்டும் உதிராமல் பளபளத்தது. அமலோற்பவம் அதில் கை வைத்தாள். வெதுவெதுப்பு.

"இதுக்கு அந்தாண்ட என்னக்கா?"

"அடுப்படி. நாளெல்லாம் எரிஞ்சிகினே இருக்கும்."

அவளுக்குள் ஒரு கதவு திறந்தது. பெயிண்ட் காயும்போது அதிலுள்ள நுண்ணிய பிசின் மணிகள் இளகி, ஒட்டி, ஒரே தோலாக வேண்டும். அந்த மணிகளைச் செய்யும்போது மெத்தில் மெத்தாக்ரிலேட்டை அவள் தாராளமாகச் சேர்த்திருந்தாள். கண்ணாடிபோல் கடினமும், மஞ்சளாகாத வெண்மையும் தரும் திரவம் அது. அந்தக் கடினமே குளிரில் பகையானது. அரைவேக்காட்டுச் சோறு உருண்டை பிடிக்காததுபோல மணிகள் தனித்தனியாகவே நின்றுவிட்டன. கொட்டகையில் அவள் சோதித்தது சித்திரையில். ஆரணிச் சித்திரையில் எதுதான் இளகாது! இங்கேயோ இழை அறாமலிருக்க, நெய்பவர் கால் வைக்கும் தறிக்குழியைச் சுற்றி ஓயாமல் தண்ணீர் தெளிப்பார்கள். மார்கழியில் அந்த அறை தண்ணீர்ப் பானைக்குள் இருப்பதுபோலக் குளிரும்.

"அண்ணா, போகி வரைக்கும் பொறுங்க. ஒரே ஒரு மூலை கொடுங்க."

"கோலமாவு இன்னும் வேணுமா?" என்று சிரித்தாலும், தலையாட்டினார்.

மெத்திலைக் குறைத்து, அதன் இளகிய உறவான பியூட்டைல் மெத்தாக்ரிலேட்டைக் கூட்டினாள். கிறிஸ்துமஸ் பூசை முடிந்து புதுப்புடவையோடு நேரே கொட்டகைக்குப் போனவள், புதுக் கலவை பூசிக் காயவைத்த சாம்பிள் பலகை மேல் சாய்ந்தாள். முந்தானை ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. அதிகமாக இளகிவிட்டது! தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு எல்லையும் தெரிந்துவிட்டதே. இனி நடுவில் தேடினால் போதும்.

தேடிக் கண்டதை மாணிக்கவேல் வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்பின் சூடு எட்டாத, தறிக்குழி ஓரத்து ஈர மூலையில் பூசினாள்.

போகிக்கு முந்தின விடியல். பனி தெருவை மூடியிருந்தது. கன்னியம்மாள் கறுப்புப் பட்டுத் துண்டு ஒன்றை எடுத்து, கோபம் தீரத் தேய்ப்பதுபோல் சுவரில் மேலும் கீழும் தேய்த்தாள். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஈரத்துணியால் தேய்த்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை.

மாணிக்கவேல் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். கையைப் பார்த்தார்.

"பேஜாராப் போச்சு," என்றார். "கோலமாவுக்குக் கடைக்குத்தான் போவணும் போல."

"ஜல்தியா போய் வாங்கிகினு வா," என்றாள் கன்னியம்மாள். "பொங்கலுக்குப் பெரிய கோலம் போடணும்."

மறுநாள் போகித் தீயில் பழைய பாய்களுக்கு மேல் மாணிக்கவேல் ஒரு போர்வையை எறிந்தார். பட்டில் சுண்ணாம்பு ஒட்டாமலிருக்க முன்பு சுவரில் தொங்கிய போர்வை அது; இனி தேவையில்லை. பிறகு இன்னொன்று. எதிர் வீட்டுக்காரர் சந்தேகமாக எட்டிப் பார்த்தார். கன்னியம்மாள் அவர் கையில் கறுப்புப் பட்டுத் துண்டைத் திணித்து உள்ளே அனுப்பினாள். திரும்பி வந்தவர் நேரே தன் வீட்டுக்குப் போய், தோளில் போர்வைகளோடு வெளியே வந்தார்.

 அமலோற்பவம் தெரு நெடுகப் போர்வைகள் விழ விழ ஒவ்வொரு தீயாக உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.